குடை பிடித்த கை

வெள்ளைக்காரன் காலத்தில் சட்டசபைக்குப் போன எங்கள் ஊர்த் தலைவரைப் பற்றி நான் எழுதிய புத்தகத்துக்கு அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி. அவர் விழுப்புரம் ரயில் நிலையத்தில் மாலையோடு நிற்கும் போட்டோவைத் திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டுடியோக்காரருக்கு இடது கையில் ஆறு விரல். பேசும்போதெல்லாம் அந்த ஆறாவது விரலை வருடிக்கொண்டே இருப்பார்.

“தலைவர் மட்டும் போதும்ண்ணே. குடை புடிச்சிக்கினு நிக்கிறவரை வெட்டிடுங்க.”

படத்தைக் கணினியில் பெரிதாக்கியவர் வருடுவதை நிறுத்திவிட்டார். குடைக்காம்பைப் பிடித்திருந்த கையிலும் ஆறு விரல்.

“எங்க தாத்தாங்க. குடைக்காரர் வீடுன்னாதான் எங்க தெருவுல தெரியும். வீட்டுல அவரு போட்டோ ஒண்ணுகூட கெடையாது.”

“தலைவருக்கு ஓட்டுப் போட்டிருப்பாராண்ணே?” எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

“நெலம் நீச்சு இருந்தவங்களுக்குத்தான தம்பி அப்ப ஓட்டு? எங்களுக்குக் குடைதான்” என்று சிரித்தார்.

“அப்ப வெட்டாதீங்கண்ணே.”

“அட, நீங்க வேற! அட்டையில தலைவரு சின்னதாப் பூடுவாரு.”

வெட்டியே கொடுத்தார். தாத்தா இருந்த பாதியைத் தனியாக அச்சிட்டுத் தனக்கு எடுத்துக்கொண்டார்.

இன்றும் என் புத்தக அட்டையில் தலைவர் நிற்கிறார். தலைக்கு மேல் குடை, ஓரத்தில் ஸ்டுடியோக்காரர் வெட்டாமல் விட்ட அந்தக் கை. அது யாருடையது என்று உள்ளே ஒரு வரிகூட இல்லை.