பிரவுசிங் சென்டரில் எடுத்த படம்

காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் கௌஸ் பாஷாவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அவர் ஜரிகை வியாபாரி, கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார். கடையைப் பார்த்துக்கொண்டது அவர் மகள் சித்தாரா. ஹால் டிக்கெட் பிரின்ட் எடுப்பவர்கள், துபாய்க்கு மெயில் அனுப்புபவர்கள் என்று நாள் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவளால் கடையை விட்டு நகர முடியாது.

சித்தாராவுக்குப் படம் எடுக்க வேண்டுமென்று ஆசை. வெளியே போக முடியாதென்றால் கடைக்குள்ளேயே நடக்கிற கதையாக இருக்கட்டும் என்று 2007இல் முடிவு செய்தாள். ஒரு பெண் வெப்கேமில் பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகிறாள். அவளுடைய மெயில், சாட், போட்டோக்களைத் துருவித் துருவி ஒரு தோழி தேடுகிறாள். படம் முழுக்கக் கம்ப்யூட்டர் திரை மட்டும்தான். திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்யும் மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. காணாமல் போகிற பெண்ணாக, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்துபோகும் சிநேகிதி ரக்ஷா நடித்தாள்; தேடுகிற தோழி சித்தாராவேதான். கடைசியில் அந்தப் பெண் கிடைத்து, தோழியைத் திரையில் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுவாள்.

உள்ளூர் கேபிள் சேனலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது ஓடியது. "டிவில கம்ப்யூட்டர் வந்து மாட்டிக்கினு இருக்குதுபா, சரி பண்ணு" என்று கேபிள்காரருக்கு போன்மேல் போன். சித்தாரா சிரித்துவிட்டு, உள்ளுக்குள் கொஞ்சம் வாடிப்போனாள்.

படத்தின் முடிவில் வந்த கடைப் பெயரை வைத்து விசாரித்துக்கொண்டு, அந்த வாரமே தாமலிலிருந்து பஸ் ஏறி ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். கிருஷ்ணம்மாள் என்று பெயர். வீட்டில் பட்டுநூல் சுற்றும் வேலை. செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தவர், "டிவில காணாப் போன பொண்ணைக் கண்டுபுடிச்சது நீதானேம்மா?" என்று கேட்டார்.

"அது சினிமாம்மா. நிஜம் இல்ல."

"தெரியும் கண்ணு. ஆனா தேடுன வெதம் நெஜந்தானே? எம்பொண்ணையும் அப்படித் தேடிக் குடேன்."

மகள் பெயர் வடிவாம்பாள். காலேஜ் முடித்ததும் மாமன் தன் மகனுக்குக் கேட்டு நெருக்கியிருக்கிறார். ஒரு நாள் வேலைக்கு இன்டர்வியூ என்று கிளம்பிய பெண் திரும்பவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று போனில் ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. அதன் பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்கவே இல்லை.

சித்தாரா பெயரைப் போட்டுத் தேடினாள். ஒன்றும் வரவில்லை. பிறகு, அப்போது எல்லோரும் போட்டோ போட்டு வைத்திருந்த ஆர்க்குட்டில் அந்தக் காலேஜில் படித்தவர்களை ஒவ்வொருவராகத் திறந்தாள். கிருஷ்ணம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மேரி என்ற பெண்ணின் பக்கத்தில் ஏதோ பீச்சில் எடுத்த போட்டோ ஒன்று. ஓரத்தில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"நில்லு, நில்லு. இது வடிவுதான்."

"மூஞ்சியே தெரியலையேம்மா?"

"துப்பட்டா நுனியை வெரல்ல சுத்திக்கினு நிக்கிறா பாரு. சின்னதுலேர்ந்து அப்படித்தான்."

போட்டோ போட்ட தேதி அண்மையது. சித்தாரா மேரிக்குச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. கிருஷ்ணம்மாள் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார். ஒரு நாள் காலையில் கடை திறந்த சற்று நேரத்தில், பெயர் தெரியாத ஓர் ஐடியிலிருந்து சாட் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"நீ யாரு? மாமா அனுப்புன ஆளா?"

கண்டுபிடிக்கப்படுகிறவள் பயப்படுவாள் என்று சித்தாரா நினைத்ததே இல்லை. தேடியது தப்போ என்று தோன்றியது. யோசித்து டைப் செய்தாள்: "இல்ல. உங்க அம்மா மட்டும்தான் கேட்டாங்க. நீங்க வேணாம்னு சொன்னா இதோட விட்டுடறேன். அவங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ டைப் ஆவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. பிரின்ட் கேட்டு வந்த ஒருவரைச் சித்தாரா கையைக் காட்டி உட்கார வைத்தாள். கடைசியில் ஒரு வரி வந்தது.

"அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குது?"

வெப்கேமில் பேசுகிறேன், ஆனால் அம்மா தனியாக வர வேண்டும், எங்கே இருக்கிறேன் என்று கேட்கக் கூடாது. இதுதான் வடிவு போட்ட நிபந்தனை. சித்தாரா தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது கிருஷ்ணம்மாள் கோபப்படவில்லை.

"எங்க இருக்கேன்னு கேக்கல. சாப்டியான்னு கேக்கலாமில்ல?"

வெப்கேமில் பேசுகிற அன்று கௌஸ் பாஷா கடைக்கு வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வந்தவர்களிடம், "உள்ள ஆளு இருக்காங்கபா, அப்புறம் வா" என்று சொல்லி அனுப்பினார்.

படம் விட்டு விட்டு வந்தது. ஹெட்செட் மாட்டிய மகளின் வாய் அசைந்த பிறகுதான் குரல் வந்தது. கிருஷ்ணம்மாள் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார். சாப்பாடு, முட்டி வலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம். எழுந்துபோகுமுன், "மாமன் மவனுக்கு வேற எடத்துல முடிஞ்சுது. நான்தான் முடிவா மாட்டேன்னு சொல்லிட்டேன். அதச் சொல்லத்தாண்டி தேடுனேன்" என்றார். மகள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு முறையாவது கிருஷ்ணம்மாள் வருவார். தான் இருப்பது பெங்களூரில் என்பதை வடிவே ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்த ஆண்டு பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், பையோடு ஒரு பெண் கடைக்குள் வந்து நின்றாள். "பிரவுசிங்கா, பிரின்ட்டா?" என்று நிமிராமலே கேட்டாள் சித்தாரா. பதில் வராமல் போகவே தலையைத் தூக்கினாள். பின்னால் கிருஷ்ணம்மாள் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தார்.

சித்தாரா எழுந்தாள். இத்தனை நாள் வடிவைத் திரையில் கழுத்துவரைதான் பார்த்திருந்தாள்.

"நீங்க இவ்ளோ உயரமா!" என்றாள்.