நான் கூட்டிய ஒரு வயது

குழந்தைகளின் உரிமைக்காக உழைக்கும் நம் போன்றோரை வாசலில் கண்டதும், வீட்டார் முதலில் செய்வது குழந்தையை உள்ளே அனுப்புவதுதான். இப்பணியில் அல்லற்படும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்று ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த எனக்கு, அது பழக ஓராண்டு ஆயிற்று.

பந்தல் போட்ட வீடு

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, பி.காம். இரண்டாமாண்டு படிக்கும் சங்கீதா தொலைபேசியில் அழைத்தாள். வெள்ளியன்று தனக்குத் திருமணம் என்றும், வயது பதினேழுதான் என்றும், தான் அழைத்தது வீட்டுக்குத் தெரியக்கூடாதென்றும் சொன்னாள். என்னுடன் பணியாற்றும் நசீமாவும் நானும் சாந்தோம் குப்பத்துக்கு விரைந்தோம்.

சங்கீதா எங்களை அறியாதவள்போல் தேநீர் வைத்தாள். அவள் தாய் செல்வி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மகளைத் தொடக்கப்பள்ளியில் சேர்த்துக்கொண்டவள் நானல்லவா? பள்ளிச் சான்றிதழை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அதன்படி சங்கீதாவுக்குச் சென்ற மாதமே பதினெட்டு நிறைந்துவிட்டது.

“நல்லாப் பாரு டீச்சர். உன் கையெழுத்துதான கீது.”

ஜூன் மாதத்துப் பிள்ளைகள்

திரும்பும் ஆட்டோவில் நசீமாவிடம் உண்மையைச் சொன்னேன். பிறப்புச் சான்று இல்லாமல் வரும் குழந்தைக்கு, ஐந்து வயது நிறையும்படி ஒரு ஜூன் தேதியை எழுதிச் சேர்த்துக்கொள்வது என் போன்ற தலைமையாசிரியர் சிலரின் வழக்கம். அன்று சங்கீதாவுக்கு நான்கு வயது. மீன் விற்கப் போகும் செல்வி, குழந்தையைக் கரையில் தனியே விட அஞ்சிக் கெஞ்சினாள். நான் ஓராண்டைக் கூட்டி எழுதினேன். அதை நற்செயலென்றே இதுவரை எண்ணியிருந்தேன்.

நசீமா சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்: “உங்க ரெஜிஸ்டர்ல இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் மேடம் இருக்காங்க?”

வியாழன் காலை

குழந்தைகள் நலக் குழு, வயதை அறியப் பள்ளிச் சான்றிதழையே முதலில் பார்க்கும். இரண்டு நாள் அலைந்து, மாநகராட்சிப் பதிவேட்டில் செல்வியின் பெயரில் ஒரு பெண் குழந்தையின் பிறப்பைக் கண்டெடுத்தோம்; அதன்படி சங்கீதாவுக்குப் பதினேழுதான். இரண்டு தேதிகளும் குழுவின் மேசைமேல் இருந்தன. எது சரியென்று உறுப்பினர் கேட்டார்.

“பள்ளித் தேதி, ஆதாரமின்றி நானே எழுதியது” என்றேன்.

“உங்கள்மேல் விசாரணை வரலாம், தெரியுமா அம்மா?”

தெரியும் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பதினெட்டு நிறையும்வரை திருமணம் கூடாதென்று குழு பெற்றோரிடம் எழுதி வாங்கியது. சங்கீதா தலை நிமிரவேயில்லை. வாசற்படியில் செல்வி என்னை வழிமறித்தாள்.

“அன்னிக்கு நான் கேட்டேன்னுதானே ஒரு வயசு ஏத்திக் குடுத்தே? அது அப்படியே இருக்கட்டும்னு இன்னிக்கும் நான்தானே டீச்சர் கேட்டேன்?”

சங்கீதா கல்லூரிக்குப் போகிறாள், செல்வி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், விசாரணைக் கடிதம் எந்த நாளிலும் வரலாம். இதைத்தான் நம் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ‘வெற்றி’ என்ற தலைப்பின்கீழ் சேர்த்திருக்கிறார்கள்.