சித்தி வேண்டுமென்றே கெடுத்த பாகு

எங்கள் சித்தி மிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறாள். மிட்டாய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் தொலைந்தோம். "வேலை பாக்கறவங்க அங்க எத்தனையோ பேரு இருக்காங்க. பாகு காய்ச்சறது நான்" என்று இடுப்பில் கை வைத்துக்கொள்வாள்.

அவளுடைய கொப்பரை இடுப்பு உயரம். பக்கத்தில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்கும். பாகு கொதித்து, நிறம் மாறி, குமிழ் சின்னதாகிக் கொண்டே வரும்போது கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவாள். சொட்டு உறைந்ததும் எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பாள். டக் என்று உடைந்தால் கையை உயர்த்துவாள், உடனே அடுப்பு நிற்கும். உடையாமல் பல்லில் ஒட்டினால் அதற்கு அங்கே ஒரே பெயர்தான்: பழுது. அதைத் திரும்பக் கொப்பரையில் கொட்டிக் காய்ச்ச வேண்டும், அடுத்த ஷிஃப்டு வரை ஆட்கள் சிரிப்பார்கள். சித்தியின் கொப்பரையில் பழுது விழுந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கடையில் வாங்கிய மிட்டாயை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "அவசரப்பட்டுட்டான் பாவி" என்பாள். முகம் தெரியாத ஏதோ ஒரு ஊர்க் கொப்பரைக்காரனைத்தான் சொல்கிறாள்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்ததும் நேரே ஜிம்முக்குப் போவார். நாற்பது தாண்டியவர்களுக்கான ஆணழகன் போட்டியில் மேடை ஏற வேண்டும் என்பது அவருக்குத் தீராத ஆசை. புஜம் இருக்கிறது, தொடை இருக்கிறது, முதுகு விரித்தால் கதவு திறந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குத் திரையும் இருக்கிறது. தலையில் உதிர்ந்த முடியெல்லாம் இடம் மாறி முதுகில் குடியேறிவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு ரோமம். ஜிம்மில் அவருக்குப் பெயர் கம்பளி.

போன வருஷப் போட்டிக்கு ரேசரால் வழித்துக்கொண்டு போனார். மறுநாள் காலை உடம்பெல்லாம் சிவப்புப் பொரி. முதல் சுற்றிலேயே நடுவர் ஒருவர் குனிந்து பார்த்து, "உடம்புக்கு முடியலையா? அம்மை கிம்மை போட்டிருக்கா?" என்று அக்கறையாக விசாரித்தார். அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்ட எண்களில் சித்தப்பாவின் எண் இல்லை. நடுவில் ஒரு தடவை முடி நீக்கும் கிரீமை நெஞ்சில் தடவிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் அக்கா ஓடி வந்து, "என்ன கருகுது?" என்று கேட்டாள். சித்தப்பாதான் கருகிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் ஜிம் மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவருக்குத் தொண்டை கரகரப்பு. எந்த வாக்கியத்தையும் ஒருமுறை சொல்லி நிறுத்தத் தெரியாது.

"மேடையில லைட்டு இருக்கு, கம்பளி. லைட்டு இருக்கு. முடியோட போனா ஒரு கட்டும் தெரியாது, தெரியாது. பொரியோட போனா நானே எறக்கி விட்டுருவேன். எறக்கி விட்டுருவேன்."

சித்தப்பாவைக் கூட்டிப்போக ஜிம் வாசலுக்கு வந்திருந்த சித்தி இதைக் கேட்டாள். அவளுடைய கம்பெனியில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் கைக்கும் காலுக்கும் சர்க்கரைப் பாகு போட்டு முடி எடுப்பது அவளுக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி ஒருநாள் விளக்கக்கூட வந்தாள். "சக்கரை, எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான்க்கா. அப்புறம் எப்படிக் காய்ச்சணும்னா..." அதற்கு மேல் சித்தி அவளைப் பேச விடவில்லை. "பாகு எப்படிக் காய்ச்சறதுன்னு எனக்கே சொல்றியாடி?"

அந்தத் தைரியத்தில்தான் மாஸ்டரிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை இவரு முதுகுல முடியும் இருக்காது, பொரியும் இருக்காது. இருந்துச்சுன்னா நான் கம்பெனியில இனிமே கரண்டியைத் தொட மாட்டேன்."

"பாக்கறேன்மா, பாக்கறேன்" என்றார் மாஸ்டர்.

சுற்றி நின்ற ஜிம் ஆட்கள் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. சித்தி விளையாட்டுக்குக்கூடக் கரண்டியின் மேல் ஆணை வைக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் சித்தி வீட்டில் அடுப்பேற்றினாள். முதலில் கத்தரிக்கோலால் முதுகு ரோமத்தை அரிசி நீளத்துக்கு வெட்டிவிட்டோம். வெட்டியதை நான் முறத்தில் வாரினேன். முறம் போதவில்லை. சித்தப்பா நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, சாய்மானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சர்க்கரை உருகியது, எலுமிச்சைச் சாறு சீறியது, தேன் நிறம் வந்தது. சித்தி சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டாள். கடித்தாள். தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் காய்ச்சினாள். மறுபடி கடித்தாள்.

டக்.

"கேட்டியாடா?" என்று என்னைப் பார்த்தாள். "சங்கீதம்!"

ஆறவிட்டாள். கொப்பரைச் சூட்டிலேயே பழகிய கை அவளுடையது, மற்றவர்கள் 'ஐயோ' என்று உதறுவதை அவள் உருட்டி விளையாடுவாள். தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சித்தப்பாவின் கன்னத்தில் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தாள். தேய்த்த கையை எடுப்பதற்குள் அது உறைந்துவிட்டது.

சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா... முதுகுல ஓடு வேஞ்ச மாதிரி இருக்கே?"

சித்தி விரலால் தட்டினாள். டக் டக் என்றது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். பாகு வரவில்லை, சித்தப்பாதான் நாற்காலியோடு பின்னால் வந்தார்.

"அம்மாடியோவ்! விடு, விடு! தோலோட வருது!"

"கொஞ்சம் பொறுங்க, ஓரம் கிடைச்சிருச்சு."

"ஓரத்துல நான் இருக்கேன்டி!"

கூச்சல் கேட்டு எதிர்வீட்டக்கா கதவைத் தட்டினாள். நான் திறந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். சட்டையில்லாத சித்தப்பா, முதுகில் பொன்னிறத்தில் ஒரு கண்ணாடித் துண்டு, அதற்குள் அடைபட்ட ரோமம்.

"என்னது இது?"

"மிட்டாய்க்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"உங்க சித்தப்பாவைக் காகிதத்துல சுத்தி வித்துரலாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். இப்படி ஒரு காட்சியை விட்டுவிட்டு அவளால் எப்படிப் போக முடியும்?

சர்க்கரைதானே, தண்ணீருக்குக் கரையாதா என்று சித்திக்கே தோன்றியது. சித்தப்பாவைக் குளியலறை ஸ்டூலில் உட்காரவைத்து வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றினாள். ஓடு மெல்ல வழுக்கி, கரைந்து, ஓடிப்போனது. தோல் தப்பித்தது. ஒரு முடிகூட உதிராமல் ரோமமும் தப்பித்தது.

"எறும்பு வராம நல்லாக் கழுவு" என்றார் சித்தப்பா. "மேடையில நிக்கணும்னுதான் ஆசைப்பட்டேன். நீ மிட்டாய்க்கடை அலமாரியில நிக்க வச்சிருப்ப."

வழக்கமாக இதற்குச் சித்தி ஒன்றுக்கு நாலு திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்கு நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரத்தின் முன்னால் நின்று, மிச்சமிருந்த பாகைச் சுரண்டி வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள்.

"டேய், பாகுல ஒரு குத்தமும் இல்லடா. முதல் தரமான மிட்டாய்."

"மிட்டாய் நல்லாத்தான் இருக்கு சித்தி. அதுதான் தொந்தரவு."

சித்தி போனை எடுத்தாள். பேக்கிங் பெண்ணைக் கூப்பிட்டு, விட்டுப்போன பாதியைக் கேட்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஸ்பீக்கரில் போட்டது அவளுடைய தப்பு, நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"அதை எப்ப எறக்கணும்டி?"

"டக்குன்னு ஒடையறதுக்கு ரொம்ப முன்னாடியே எறக்கிடணும்க்கா. விரல்ல உருட்டினா உருளணும், இழுத்தா நீளணும், பல்லுல ஒட்டணும்."

"ஏய், அது பழுதுடி!"

"ஆமாக்கா" என்றது போன். "பழுதுதான் வேணும்."

சித்தி போனை வைத்துவிட்டாள். அன்று இரவு எதுவும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொன்னாள். சித்தி லீவு சொன்னதை நம்பாமல் சூப்பர்வைசர் திரும்ப அழைத்து, "வீட்ல யாருக்காவது சீரியஸா?" என்று கேட்டார். "இதுவரைக்கும் இல்ல" என்றார் சித்தப்பா, பக்கத்திலிருந்தபடி.

காலையில் முதல் பாத்திரம் ஏறியது. நிறம் வந்தது, சொட்டு உருண்டது. இதுதான், இறக்கு, இறக்கு என்று நானும் சித்தப்பாவும் கத்துகிறோம். சித்தியின் கை அடுப்பை நோக்கிப் போகிறது, பாதி வழியில் நிற்கிறது. கண் பாகையே பார்க்கிறது. அப்படியே நின்று, நின்று, கடைசியில் டக்.

"கை கேக்க மாட்டேங்குது" என்றாள். "இத்தனை வருஷம் அரைகுறையா எறக்காதே, எறக்காதேன்னு பழக்கினேன். இப்போ எறக்குன்னா எப்படிக் கேக்கும்?"

"கரண்டி மேல ஆணை வச்சதை மாஸ்டர்கிட்ட நான் வாபஸ் வாங்கிக்கறேன்மா" என்றார் சித்தப்பா. "விளையாட்டுக்குச் சொன்னதா இருக்கட்டும். நானும் இந்த வருஷம் போகலேன்னா ஒண்ணும் குடி முழுகிடாது."

அவ்வளவுதான். சித்தி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "யாரைக் கேட்டு வாபஸ் வாங்குவீங்க? உக்காருங்க அங்க."

இரண்டாவது பாத்திரம். இந்தத் தடவை தண்ணீர் டம்ளரைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டாள், கடித்துப் பார்க்கும் ஆசையே வரக்கூடாது என்று. சொட்டை விரலிடுக்கில் உருட்டினாள். உருண்டது. இழுத்தாள், நீண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். அணைத்த கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றாள். கொப்பரைக்காரி வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே ஒரு பாகைக் கெடுத்தாள்.

ஆறியதும் அதைக் கையில் எடுத்து இழுத்து மடித்து, இழுத்து மடித்துப் பிசைந்தாள். தேன் நிறம் வெளுத்து முத்து நிறமானது. சித்தப்பாவின் முதுகில் பவுடரைத் தூவி, முடி வளர்ந்த திசைக்கு எதிராக ஒரு கவளத்தை அழுத்தித் தேய்த்தாள். உறையவில்லை. உடம்புச் சூட்டில் குழைந்து ரோமத்தின் வேர் வரை இறங்கியது. முடி போகும் திசையிலேயே வெடுக்கென்று ஒரு சுண்டு.

சர்ர்ர்.

சித்தப்பாவின் வாயிலிருந்து வந்தது எந்த மொழியிலும் எழுத முடியாதது. லிஃப்ட் கயிறு அறுந்தால் அப்படி ஒரு சத்தம் வருமாம், அவரே பிறகு சொன்னார். நாங்கள் இருவரும் முதுகைப் பார்த்தோம். உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று தோல், லேசாகச் சிவந்து. பொரி இல்லை, கீறல் இல்லை, ஒரு முடி இல்லை. ஜன்னலைத் துடைத்த இடத்தில் வெளியே தெரியுமே, அப்படிச் சித்தப்பா தெரிந்தார்.

சித்தியின் முகத்தில் வெளிச்சம் திரும்பியது. "திரும்பாதீங்க. ஆடாதீங்க. ஷிஃப்டு ஆரம்பிச்சாச்சு."

அதன் பிறகு அவள் கம்பெனிக்காரிதான். தேய்ப்பு, சுண்டு, உள்ளங்கையால் ஒரு அழுத்தம், அடுத்த இடம். சித்தப்பா முதலில் "ஐயோ" என்றார், பிறகு "அம்மா" என்றார், பிறகு செத்துப்போன மாமனாரைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணைப் பாருங்க" என்று முறையிட்டார். துண்டை வாயில் திணித்துக்கொண்டார். இடையில் மாஸ்டர் போன் பண்ணினார். சித்தப்பா துண்டை எடுத்துவிட்டுப் பேசினார்.

"எப்படி இருக்கு கம்பளி? எப்படி இருக்கு?"

"நல்லா... ஆஆ... இருக்கு மாஸ்டர்."

"எடை தூக்கறியா? தூக்கறியா?"

"இல்ல மாஸ்டர். என்னைத்தான் தூக்கறாங்க."

மத்தியானத்துக்குள் முதுகு முடிந்தது. நெஞ்சும் கைகால்களும் சாயங்காலம் முடிந்தன. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போர்த்திவிட்டாள். சனிக்கிழமை முழுக்க அவரைச் சாய்ந்து உட்காரவே விடவில்லை. எதிர்வீட்டக்கா வந்து சித்தப்பாவின் முதுகைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் முழங்கையைத் தடவிக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் மாஸ்டர் சித்தப்பாவின் சட்டையைக் கழற்றச் சொன்னார். விளக்குக்குக் கீழே சுற்றவிட்டார். கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். முதல்முறையாக ஒரு வாக்கியத்தை ஒரே தடவை சொன்னார்: "இதை யாரு பண்ணினது?"

முதல் சுற்றில் சித்தப்பா திரும்பி நின்று முதுகை விரித்தார். எண்ணெய் பளபளக்க, ஒவ்வொரு கட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. லிஃப்ட் குழிக்குள் தொங்கித் தொங்கி வளர்ந்த தசையை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. அடுத்த சுற்றுக்கு எண்களை வாசித்தார்கள். சித்தப்பாவின் எண்ணைச் சொன்னபோது சித்தி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். பின்வரிசைக்காரர், "உக்காரும்மா, மறைக்குது" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்ங்க" என்றாள் சித்தி. "அந்த முதுகு என் கைவேலை." உட்காரவில்லை.

கடைசியில் சித்தப்பாவுக்கு நாலாவது இடம். பதக்கம் மூன்று பேருக்குத்தான். சித்தப்பாவைப் பார்க்க மேடைக்குப் பின்னால் போனபோது நான் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். வாடியிருக்கும் என்று நினைத்தேன்.

"நாலாவதுன்னா என்னடா? அந்த மூணு பேரையும் கிட்டப் போய்ப் பாரு. முதலாவதா வந்தவன் முழங்காலுல ரெண்டு வெட்டு. ரெண்டாவது ஆளு கழுத்தெல்லாம் பொரி. நம்ம ஆளு மேல ஈ உக்காந்தா வழுக்கி விழும்."

அதை அவள் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. அங்கே நின்ற அந்த மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் பதக்கம் வாங்கியவரே தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். சித்தப்பாவின் தோளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா... அடுத்த போட்டிக்கு எனக்கும் பண்ணித் தருவீங்களா?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். அவர்களுக்குப் பின்னால் மாஸ்டர்.

சித்தி முதல் பதக்கக்காரரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள், கொப்பரையைப் பார்க்கிற அதே பார்வை.

"வழிச்ச தோலுல இது ஒட்டாது தம்பி. அரிசி நீளத்துக்கு வளத்துட்டு வா. ரேசரைத் தொட்டேன்னு தெரிஞ்சா வாசப்படி ஏத்த மாட்டேன். கத்தறதுன்னா வீட்டுலயே கத்தி முடிச்சுட்டு வரணும், எங்க தெருவுல மனுஷங்க குடியிருக்காங்க."

"சரிக்கா" என்றார் ஆணழகன்.

"நீங்க எதுக்கு மாஸ்டர் நிக்கறீங்க?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "காதுல கொஞ்சம் இருக்கும்மா. காதுல."