அரக்கு முத்திரைக்குள் ஒரு கே.பி.

எங்கள் நிர்வாகத்தின் அலுவலக நடைமுறைக் கையேடு, விதி 7(இ): "கணினியில் உள்ள பதிவேடுகள் யாவும் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை தனி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்கப்பட வேண்டும். எடுத்த பிரதி திறந்து பார்க்கப்பட்டு, இருவர் கையொப்பமிட்டு, அரக்கு முத்திரையுடன் இரும்புப் பீரோவில் வைக்கப்பட வேண்டும்."

விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியவன் நான்.

பள்ளிக்கூடங்கள் சிலவற்றை நடத்தும் ஒரு நிர்வாகத்தில், ராஜபாளையத்திலிருந்த ஆவணப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளராக இருந்தேன். தலைமை அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில். மூடப்பட்ட பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் எங்களிடம் வந்து சேரும். அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினோம். ஸ்கேன் செய்தபின் அசலை அழித்துவிடலாம் என்பது விதி 9. கரையான்கள் விதி 9 வரும்வரை காத்திருக்கவில்லை. மிச்சத்தை நாங்கள் முறைப்படி எரித்துச் சான்று எழுதினோம். ஆக, பல ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதற்கான ஒரே சாட்சி ஒரு மேசைக் கணினிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்.

திங்கட்கிழமை காலை

தேவதானத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நாங்கள் கதவு திறக்குமுன்பே வாசலில் நின்றவர் பெயர் வேளாங்கண்ணி. அங்கன்வாடி வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை அவர் படித்தது எங்கள் பள்ளியில். சான்றிதழ் மழையில் வீடு ஒழுகியபோது கூழாகிப் போயிருந்தது.

"புதன்கிழமை விருதுநகர்ல சரிபார்ப்பு சார். பள்ளிக்கூடத்துல சேர்ந்த தேதி, பொறந்த தேதி போட்டு ஒரு தாள் கேக்காக. அவியகிட்ட வயசைச் சொன்னா நம்ப மாட்டாகளாம். தாளு சொன்னாத்தான் நம்புவாகளாம்."

"அடுத்த முறை கூப்பிடும்போது குடுக்கலாமே?" என்றார் சுப்பராஜ். எங்கள் மூத்த தட்டச்சர். யாருக்கும் அவசரம் இருப்பதை விரும்பாதவர்.

"அடுத்த மொற எனக்கு வயசு தாண்டிரும் அண்ணாச்சி. இதான் கடைசி."

சுப்பராஜ் கணினியை உயிர்ப்பித்தார். அது சிறிது நேரம் யோசித்தது. பிறகு உள்ளேயிருந்து யாரோ விரல் கணுவால் தட்டுவதுபோல 'டக், டக்' என்று கேட்டது. இந்தச் சத்தம் பதினைந்து நாளாக இருந்தது என்பதை சுப்பராஜ் அப்போதுதான் தெரிவித்தார். அவர் அதை மின்விசிறி என்று நினைத்திருந்தார். பதிவேட்டுக் கோப்பைத் தொட்டதும் திரை நீலமாகி நின்றுவிட்டது.

"கவலைப்படாதீங்க," என்று வேளாங்கண்ணியிடம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் அந்தக் குரலின் கம்பீரம் எனக்கு நினைவிருக்கிறது. "வாரா வாரம் பிரதி இருக்கு."

பீரோவுக்கு இரண்டு சாவிகள். இருவரும் சேர்ந்து திறந்தோம். அரக்கு முத்திரை உடையாமல் இருப்பதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதை உடைத்தோம். எங்கள் கணினி படுத்துவிட்டதால், பிரதி டிஸ்க்கை அடுத்த அறையிலிருந்த வேறொரு கணினியில் செருகினார் சுப்பராஜ். தேதி போட்ட ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. ஐந்து வருட வெள்ளிக்கிழமைகள், ஒன்று விடாமல். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'பதிவேடுகள்' என்று ஒரே ஒரு ஐகான். அதைத் தட்டினார். அந்த இடத்தில் எதுவும் இல்லை என்று கணினி சொன்னது. முந்தின வாரத்தைத் தட்டினார். அதே பதில். அளவைப் பார்த்தோம். ஒரு பக்கத்தின் படத்துக்குக்கூடப் போதாது. ஒரு கே.பி.

அது ஷார்ட்கட். திரையில் வைத்திருக்கும் குறுக்கு வழிப் படம். பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று கைகாட்டும், அவ்வளவுதான். ஐந்து வருடமாக நாங்கள் கைகாட்டியைப் பிரதி எடுத்து அரக்கு வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

"ஆனா ஒவ்வொரு வாரமும் திறந்து பாத்தோமே சார்! நீங்களும் பாத்தீங்களே!" என்றார் சுப்பராஜ். பதற்றத்தில் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். "அய்யய்யோ, ஏமி சேசேதி?" என்ன செய்வது என்று கேட்டார்.

பார்த்தோம், உண்மைதான். எடுத்த கணினியிலேயே செருகி, எடுத்த கணினியிலேயே திறந்து பார்த்தோம். கைகாட்டி அசலைக் காட்டியது. நாங்கள் அசலைப் பார்த்து, பிரதி நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டோம். எந்தக் கணினியில் திறந்து பார்க்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

"அப்ப என் பேரு இல்லையா சார்?" என்று கேட்டார் வேளாங்கண்ணி.

நான் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சொன்னது

நிர்வாக அலுவலர், எங்கள் பேச்சில் ஏ.ஓ., பொறுமையாகக் கேட்டார். எந்தச் செய்தியும் அவரைப் பாதித்ததில்லை. அதனால்தான் அந்தப் பதவிக்கு வந்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"மூணு தடவை சார்."

"இன்னும் ரெண்டு தடவை பாருங்க. ரிப்பேர்னு ஒண்ணு கேக்கும், ஓகே குடுங்க."

"புது ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வேணும் சார். நம்ம ஸ்டோர்ல பிரிக்காம ஒண்ணு இருக்கு."

"அது நூலகத் திட்டத்துக்கு வந்ததுல்ல? ஆவணப் பிரிவுக்கு எப்படி எடுப்பீங்க? எழுத்து மூலமா வாங்க, பாக்கலாம்."

நூலகத் திட்டம் கைவிடப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை அவருக்கு நினைவூட்டுவது மரியாதையாக இருக்காது.

ஸ்டெல்லா

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ஸ்டெல்லா தளவாய்புரத்துக்காரர். கூப்பிட்டால் வருவார். வந்தால் திட்டுவார். அன்று நான் கூப்பிட்டு அவர் உள்ளே நுழையும்போது சுப்பராஜின் விரல் ரிப்பேர் பொத்தானுக்கு மேலே நின்றிருந்தது.

"அண்ணாச்சி, கையை எடுங்க! எடுங்கங்கேன்!"

"ஏ.ஓ. சார்தான் சொன்னாரு."

"அவரு வந்து அமுக்கட்டும். சாகக் கிடக்குற ஆளை எந்திரிச்சு நடன்னு சொல்லுவீகளா? ரிப்பேர் போட்டா, படிக்க முடியாத இடத்தையெல்லாம் அது வேண்டாம்னு ஒதுக்கிரும். பொறவு எந்தச் சாமி வந்தாலும் கிடைக்காது." மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு மேல ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் இதோட ஆயுசு குறையுது சார். எத்தனை தடவை பண்ணீக?"

"மூணு."

"அஞ்சு," என்றார் சுப்பராஜ்.

ஸ்டெல்லா செய்ய வேண்டியதைச் சொன்னார். ஃபைல் ஃபைலாகக் காப்பி எடுக்கக் கூடாது. டிஸ்க் முழுவதையும் முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம் வரை அப்படியே இன்னொன்றில் இறக்க வேண்டும். அதற்கு குளோன் என்று பெயர். "அடம் பிடிக்குற இடத்துல நின்னு மல்லுக்கட்டக் கூடாது. தாண்டிப் போயிரணும். நல்லா இருக்கதையெல்லாம் மொதல்ல எடுத்துட்டு, பொறவு திரும்பி வந்து கெஞ்சணும். எங்க விட்டோம்னு அதுவே குறிச்சு வச்சுக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடங்கலாம். ஆனா இதே அளவுல, இல்ல இதைவிடப் பெருசா, காலி டிஸ்க் இப்பவே வேணும்."

ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது. முப்பத்து நான்கு வருடப் பணியில் நான் விதியை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. இருப்பிலுள்ள கருவிகளை உத்தரவாதக் காலம் முடியுமுன் இயக்கிப் பார்த்துப் பரிசோதிக்க வேண்டும் என்று விதி 22 சொல்கிறது. இருபது வருடமாக யாரும் அதைச் செய்ததில்லை. இருப்புப் பதிவேட்டில் "விதி 22-இன்படி பரிசோதனைக்காக எடுக்கப்பட்டது" என்று எழுதி, பெட்டியைப் பிரித்தேன்.

"பாத்தா சாமியாரு மாதிரி இருக்கீக," என்றார் ஸ்டெல்லா.

பழைய டிஸ்க்கைக் கழற்றித் தான் கொண்டுவந்த கணினியில் மாட்டினார். அது சூடேறாமல் இருக்க என் மேசை விசிறியைப் பிடுங்கி அதன் பக்கம் திருப்பினார். மூன்று மணிக்கு ஆரம்பித்தது. வேளாங்கண்ணி ஐந்து மணி வரை பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துப் போனார். இரவு முழுக்க அது ஓடியதாம். நான் வீட்டில் தூங்கினேன்.

முப்பத்தோராவது வரி

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு முதல் சுற்று முடிந்திருந்தது. ஸ்டெல்லா புது டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினார். வேறொரு கணினி என்பதை நான் கவனித்தேன். ஃபோல்டர்கள் திறந்தன. தேவதானம் பக்கத்துப் பள்ளியின் பதிவேடு, வேளாங்கண்ணி சேர்ந்த வருடத்துப் பக்கம். ஹெட்மாஸ்டரின் கையெழுத்து, மை பரவிய கட்டங்கள், ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை பெயர்கள். அதற்குக் கீழே பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம்.

"உங்க நம்பர் தெரியுமா?" என்று, அன்றும் முதல் பஸ்ஸில் வந்திருந்த வேளாங்கண்ணியிடம் கேட்டேன்.

"முப்பத்தொண்ணு சார். டீச்சர் அப்படித்தான் கூப்பிடும். பேரு நீளமா இருக்குன்னு."

ஸ்டெல்லா புது டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, தாண்டி வந்த இடங்களுக்குத் திரும்பிப் போகும்படி கணினியைப் பணித்தார். பழைய டிஸ்க் அந்த இடங்களில் டக், டக் என்று முனகியது. ஒரு துண்டு கிடைக்கும், அடுத்தது கிடைக்காது. நடுவே கரண்ட் இரண்டு முறை போனது. யு.பி.எஸ். முதல் முறை தாங்கியது. இரண்டாம் முறை கணினி அணைந்தபோது சுப்பராஜ் எழுந்து நின்றுவிட்டார். கரண்ட் வந்ததும் அது விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது.

நான்கு மணிக்கு பழைய டிஸ்க் சத்தத்தை நிறுத்தியது. சுழலவும் இல்லை.

"அம்புட்டுத்தான்," என்றார் ஸ்டெல்லா.

மறுபடி பக்கத்தைத் திறந்தோம். சாம்பல் கீழே இறங்கியிருந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று தொடங்கி முப்பது வரை. முப்பத்தொன்று: வேளாங்கண்ணி, த/பெ. அந்தோணி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, எல்லாம். அந்த வரியின் அடிக்கோட்டோடு எழுத்து நின்றது.

வேளாங்கண்ணி திரையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு கீழே இருந்த சாம்பலைப் பார்த்தார். "எனக்குக் கீழ ஒம்பது பேரு இருந்தோம்லா சார். ராஜம்மா, குருசாமி, ரெண்டு செல்வி… அவுகளுக்கு?"

"இருந்தோம்" என்றார். தன்னையும் அந்தச் சாம்பலுக்குள் சேர்த்துத்தான் சொன்னார்.

அந்த ஒரு வரிக்கு மட்டும் பகுதி நகல் எழுதி, "அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரையை வைத்தேன். அந்த அசலை எரித்ததற்கான சான்றிலும் என் கையெழுத்துத்தான் இருக்கிறது. புதன்கிழமை விருதுநகரில் தாளை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் வேளாங்கண்ணி வேலையில் சேர்ந்தார்.

இளையவர்களுக்கு

பிரதி என்பது எடுத்தது அல்ல, வேறொரு கணினியில் திறந்தது. சத்தம் போடும் டிஸ்க்கை ஒருமுறைகூடத் தேவையில்லாமல் இயக்காதீர்கள். குளோன் எடுக்குமுன் ரிப்பேர் போடாதீர்கள். இவை ஸ்டெல்லா கற்றுக்கொடுத்தவை. நானாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு.

செத்த டிஸ்க்கை, தூசியில்லாத அறையில் பிரித்துப் பார்க்கும் பெரிய நிறுவனத்துக்கு அனுப்பினால், அந்த ஒன்பது வரிகளும் கிடைக்க வாய்ப்புண்டு என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தார். அதற்கு அனுமதி கேட்டு அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தில், ஐந்து வருடமாக நாங்கள் ஒரு ஷார்ட்கட்டைப் பிரதி எடுத்தோம் என்று நான் எழுதவில்லை. "வாராந்திரப் பிரதிகளில் சில தொழில்நுட்ப வரம்புகள் கண்டறியப்பட்டுள்ளன" என்று எழுதினேன். என் ஓய்வுக்கு ஏழு மாதமே இருந்தது. அழகான வாக்கியம். அதில் யாருடைய தவறும் இல்லை.

பதில் ஒரே பத்தி. வாராந்திரப் பிரதிகள் ஐந்து ஆண்டுகளாக எவ்விதக் குறைபாடுமின்றி எடுக்கப்பட்டுத் திறந்து பார்க்கப்பட்டதாகக் கண்காணிப்பாளரின் கையொப்பத்துடன் கூடிய பதிவேட்டிலிருந்து தெரியவருவதால், தேவைப்படும் வரிகளை அப்பிரதிகளிலிருந்தே பெற்றுக்கொள்ளுமாறும், பழுதடைந்த டிஸ்க்கை அழித்துச் சான்று அனுப்புமாறும் அதில் கேட்டிருந்தார்கள்.

நான் கடிதம் அனுப்பியது ஜூன் 14. பதில் வந்து சேர்ந்தது நவம்பர் 21.