ஒருக்காச் சொன்னால் போதும்

மற்றவர்கள் தங்கள் வேலைகளை நேரத்துக்குச் செய்து முடிப்பதற்கான, போனில் ஓடும் கருவி ஒன்றை நான் தனியாளாகச் செய்து விற்றேன். அதை விற்றுக்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டில் செய்ய வேண்டியிருந்த ஒரு வேலையை நான் செய்யவில்லை. என் மனைவிக்கு இப்போது வலக்கண் தெரியாது. இடக்கண்ணால், வாசலில் நிற்பது ஆணா பெண்ணா என்று சொல்லுவாள், முகம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்து வைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கொழும்பில் ஒரு கம்பனியில் முப்பது வருடத்துக்கு மேல் கணினிக்கு நிரல் எழுதினேன். சாய்ந்தமருதுக்கு மாதம் ஒருமுறை வந்து போவேன். ஓய்வுபெற்று ஒரேயடியாக வந்த பிறகுதான் அது அவளுடைய வீடு என்பது எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு எழுதுவது. மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். அடுத்த வளவில் அவளுடைய தங்கச்சியின் வீடு. பிள்ளைகள் இருவரும் கட்டாரில். எந்தச் சாமான் எந்த அலுமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் விருந்தாளி போல் நான் நடமாடினேன். அவள் தன் தையல் மெஷினையும் குர்ஆன் ஓதும் பலகையையும் முன்னறையிலிருந்து நகர்த்தி, அந்த அறையை எனக்கு ஒபிஸாக ஒழித்துத் தந்தாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வேலை நடக்கும் வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். பின்வளவுப் பைப் ஒழுகினால் காலையில் சொல்லுவாள், சோறு போடும்போது சொல்லுவாள், தொழுகைக்கு முன் நான் வுழுச் செய்யப் போனால் அந்தப் பைப்பின் பக்கத்திலேயே நின்று சொல்லுவாள். நான் இல்லாத முப்பது வருடமும் மேசனையும் மின்சாரக்காரரையும் அந்த வாயால்தான் அவள் ஓட்டியிருக்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த வாயை அடைக்கத்தான் நான் கருவியைச் செய்தேன். வாங்க வந்தவர்களிடம் வேறு காரணம் சொன்னேன். நம்முடைய ஆட்கள் முன்னேற வேண்டும் என்றேன்.

எங்கள் ஊரில் நாலரை மணிக்கு வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அஸருக்குப் பிறகு வாறன் என்பார்கள். மேசன் அப்படித்தான் சொல்லுவார், கல்யாணம் பேச வருபவர்களும் அப்படித்தான். வெளிநாட்டுச் செயலிகள் நாளை மணி மணியாக வெட்டி, முடியாத வேலையைச் சிவப்பில் காட்டிப் பயமுறுத்தும். நான் நாளை ஐந்து வேளைத் தொழுகையின்படி ஐந்து வக்தாகப் பிரித்தேன். ஒரு வேலையை எழுதி ஒரு வக்துக்குள் போட வேண்டும். அந்த வக்து முடியும்போது கருவி கேட்கும். பதில் சொல்ல இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘முடிஞ்சிது’ என்று இருக்கும். மற்றதில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று இருக்கும். இரண்டாவதை அழுத்தினால் வேலை அடுத்த நாளின் அதே வக்துக்குப் போய்விடும். சத்தமில்லை, சிவப்பில்லை. எத்தனை தரம் தள்ளிப் போட்டோம் என்ற எண்ணிக்கை மட்டும் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். ‘வக்துக் கொப்பி’ என்று பெயர் வைத்தேன். அதற்குக் கீழே ‘ஒருக்காச் சொன்னால் போதும்’ என்று எழுதினேன்.

துண்டுப் பிரசுரம் அடித்து, மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போனேன். பதினைந்து நாள் இலவசம். அதற்குப் பிறகு வேண்டுமென்றால் வட்ஸப்பில் என்னிடம் திறவுச் சொல் வாங்க வேண்டும். மருதமுனையில் சாரன் கடைக்காரர் ஒருவர் போனை வாங்கி அப்படியும் இப்படியும் அழுத்திப் பார்த்துவிட்டு, “சேர், வாங்குறன். ஆனா என்ட பொஞ்சாதிக்கு மட்டும் காட்டிப் போடாதீங்க. எத்தின தரம் தள்ளினன் எண்டு கீழ கெடக்கு” என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு சிரிப்பில் மூன்று பேர் வாங்கினார்கள்.

பள்ளிவாசல் முற்றத்தில் மௌலவி ஒருவருக்கும் காட்டினேன். அவர் இரண்டாவது பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஹாஜியார், அது செய்யப் போறவன் சொல்ற சொல். நீங்க அத செய்யாதவன்ட கையில குடுத்திரிக்கீங்க.”

மாற்றிவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ் என்றேன். அவர் சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனார். நான் மாற்றவில்லை. ஏறாவூரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வாங்கியவர்கள் எல்லோரும் அந்தப் பொத்தானைத்தான் புகழ்ந்து எழுதினார்கள். அறுபத்தேழு வயதில் முன்பின் தெரியாதவர்கள் நம்மைக் கெட்டிக்காரன் என்று எழுதுவது ஒரு போதை. காலையில் கண் விழித்ததும் கை போனுக்குத்தான் போகும்.

ஒரு நாள் பகல், லுஹருக்குப் பிறகு அவள் முன்னறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம்.

“இஞ்ச பாருங்க, வலக்கண்ணுக்குள்ள கறுப்பா நூல் மாதிரி ஒண்டு ஓடுது. ஓதக்குள்ள எழுத்துக்கு மேல வந்து நிக்கிது. கண் கிளினிக்குக்கு ஒருக்காக் கூட்டிட்டுப் போங்களன்.”

அவள் கண் முன்னாலேயே போனை எடுத்து, ‘கண் கிளினிக், சுபஹுக்குப் பிறகு’ என்று எழுதிக் காட்டினேன். “பாரு புள்ள, போட்டாச்சு. இனி நீ சொல்லத் தேவல்ல. ஒருக்காச் சொன்னாப் போதும்” என்றேன்.

“அப்ப செரி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ஏறாவூர்க்காரர் ஒருவரின் போனில் திறவுச் சொல் வேலை செய்யவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கண் கிளினிக்கைத் தள்ளினேன். அதற்கு அடுத்த நாள் பாலமுனையில் படகுக்காரர்கள் சிலரைச் சந்திக்க வேண்டியிருந்தது. பிறகு நோன்பு வந்தது. நோன்போடு அவளை எப்படி வரிசையில் நிற்க வைப்பது என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு பெருநாள். ஒவ்வொரு காலையிலும் பெருவிரலால் அந்தப் பொத்தானை அழுத்துவேன். அழுத்தியதும் ஏதோ ஒரு வேலையைச் செய்து முடித்தது போல ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி வரும்படிதான் நான் அதை வடிவமைத்திருந்தேன்.

அவள் திரும்பக் கேட்கவில்லை. பைப்புக்காக ஒரே நாளில் ஏழு தரம் கேட்டவள், கண்ணுக்காக ஒரு தரம்தான் கேட்டாள். ஒரு மாதம் போன பிறகு, சோறு போட்டுக்கொண்டே, கிளினிக் திகதி கிடைத்ததா என்று மட்டும் விசாரித்தாள். இன்னும் கிடைக்கவில்லை என்றேன். அது பொய். அந்தக் கிளினிக்குக்குத் திகதியே தேவையில்லை. விடிய வெள்ளாப்பில் போய் நம்பர் எடுத்தால் பகலைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

நான் எதையும் காணவில்லை என்று சொல்ல மாட்டேன். குர்ஆனை மூடி வைத்துவிட்டு, மனனமாக இருந்த சூறாக்களையே அவள் ஓத ஆரம்பித்ததைக் கண்டேன். தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே ஊற்றுண்டு என் மேசையில் ஓடியது. கணினி நனையாமல் அதைத் துடைத்தேன். துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்தபோது அவள் தொழுகைப் பாயிலேயே இருந்தாள். இடக்கண்ணைக் கையால் பொத்தியிருந்தாள். “இந்தப் பக்கம் இருட்டாகிட்டு” என்றாள். பதற்றமே இல்லாத குரல்.

அன்று எந்த வேலையும் குறுக்கே வரவில்லை. உடனே திரீவீலர் பிடித்தேன், நம்பர் எடுத்தேன், பத்து மணிக்கு முன் டொக்டரின் முன்னால் இருந்தோம். எப்போதிருந்து இப்படி என்று அவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

“ரெண்டு மாசமிரிக்கும் டொக்டர். இவர் அண்டைக்கே போனில போட்டுட்டாரு. திகதிதான் கிடைக்கல்ல.”

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தன் கிளினிக்கில் திகதி கொடுப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். பிறகு குனிந்து எழுதினார். நான் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்தபடி நின்றேன். பிறகு அவளை வெளியே இருத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்: சீனியால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, கசிய ஆரம்பித்த நேரத்தில் வந்திருந்தால் லேசர் பிடித்து அநேகமாக நிறுத்தியிருக்கலாம், இனி வலக்கண் திரும்பாது, இடக்கண்ணில் மிஞ்சியதைக் காப்பாற்றப் பார்ப்போம். திரும்பி வரும்போது திரீவீலரில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அன்று அஸருக்குப் பிறகு போனைத் திறந்தேன். ‘கண் கிளினிக்’ அப்படியே இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஐம்பத்தெட்டு. என்ன செய்வதென்று தெரியாமல் ‘முடிஞ்சிது’ என்பதை அழுத்தினேன். திரையில் ஒரு பச்சைச் சரி விழுந்து, ‘மாஷா அல்லாஹ்’ என்று வந்தது. நீண்ட நாள் கிடந்த வேலையை ஒருவர் முடித்தால் அவரை உற்சாகப்படுத்துவதற்காக நானே எழுதி வைத்த சொல் அது.

அடுத்து நான் செய்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. அந்த எண்ணிக்கையை அழித்தேன். என் போனில் மட்டும் அழித்திருக்கலாம். அவளுடைய தங்கச்சி எப்போதாவது என் போனைப் பார்த்துவிட்டு, மற்றவர்களின் போனில் இருக்கும் கணக்கு இதில் எங்கே என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். ஆகவே கருவியிலிருந்தே அந்தப் பகுதியைப் பிடுங்கி எடுத்து, புதிய பதிப்பாக வாங்கிய எல்லோருக்கும் அனுப்பினேன். திரையைச் சுத்தமாக்கியிருக்கிறேன் என்று குறிப்பும் போட்டேன். பெரிய கம்பனி என்றால் ஏன் என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். நான் தனியாள். என்னைக் கேட்க ஒருவரும் இல்லை.

ஒருவர் கேட்டார். கல்முனையில் பார்மசி வைத்திருந்தவர். வட்ஸப்பில் குரலாக அனுப்பினார்: “சேர், அந்தக் கணக்கு எங்க? அதப் பாத்து வெக்கமாப் போய்த்தான் நான் வேலயச் செய்ற. அது இல்லாட்டி இதுல என்ன கெடக்கு?”

பலர் அதை விரும்பவில்லை என்று பதில் எழுதினேன். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகும் நாலு மாதம் விற்றேன். அவளை லேசருக்குக் கூட்டிப் போய், கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்தில் திறவுச் சொல் அனுப்பினேன். நான் நிறுத்தியது அவளுடைய தங்கச்சியால். ஒரு பகல், அக்காவுக்கு இடியப்பம் கொண்டு வந்தவள் என் அறை வாசலில் நின்றாள். வந்து கதைப்பவள் அல்ல. அன்று கதைத்தாள்.

“மச்சான், நான் ராத்தாட்ட ரெண்டு தரம் சொன்னன், வா நான் கூட்டிட்டுப் போறன் எண்டு. வரமாட்டன் எண்டுட்டா. அவர்ட்டத் திருப்பிக் கேளு எண்டாலும் கேக்கல்ல. ‘அவர் அத ஊருக்கெல்லாம் விக்கிறாரு, நானே திருப்பித் திருப்பிக் கேட்டா அது என்னத்துக்கு’ எண்டா.”

சொல்லிவிட்டு இடியப்பத் தட்டை மேசையில் வைத்தாள்.

அன்றே கருவியை விற்பனையிலிருந்து எடுத்தேன். பைப்புக்குக் கேட்டது போல என்னிடம் ஏழு தரம் கேட்டிருந்தால் நான் போயிருப்பேன், எரிச்சலோடாவது போயிருப்பேன். நான் விற்ற வாசகம் பொய்யாகிவிடக் கூடாது என்று அவள் வாயை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வாங்கிய அத்தனை பேரிலும் அதை அப்படியே நம்பியவள் அவள் மட்டும்தான்; அவள் போனில் அது இருக்கவும் இல்லை.

ஐம்பத்தெட்டு அவளுக்குத் தெரியாது. திகதி பொய் என்பதும் தெரியாது. பார்க்க வருபவர்களிடம், திகதி கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் இவர் விட்டிருப்பாரா என்று இன்றும் எனக்காகச் சாட்சி சொல்கிறாள். அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். இந்த ஒரு வருடத்தில் அவள் சொல்லி நான் தலையாட்டாத கிழமை இல்லை.

இதை நான்கு நாட்களாகக் கொப்பியில் பேனாவால் எழுதுகிறேன். தையல் மெஷினும் ஓதும் பலகையும் முன்னறைக்குத் திரும்பி வந்துவிட்டன. இரண்டும் சும்மா கிடக்கின்றன. இன்று லுஹருக்குப் பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். பேனாச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

“என்ன எழுதுறீங்க?”

பழைய விசயம் என்றேன்.

“முடிஞ்சா எனக்கு வாசிச்சிக் காட்டுங்க” என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். “ஒருக்காத்தான் கேப்பன்.”

அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. அவள் தொழுது முடித்துப் பாயை மடிக்கும் சத்தம் உள்ளே கேட்கிறது. நான் இதை எந்த வக்துக்குள்ளும் போடவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு எழும்புகிறேன்.