மரச்சீனிக் கம்பில் போட்ட எல்லை

பள்ளிக்கூடத்து மதியக் கஞ்சிக்கு அரிசி வீடுகளிலிருந்து பிடியரிசியாக வந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். கஞ்சிக்குக் கறி ஆலயத்தின் பின்னாலிருந்த தோட்டத்திலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தது நாங்கள் பதினோரு வீட்டுப் பெண்கள். கூலி கிடையாது. சபையைச் சேராத வீட்டுப் பெண்களும் வந்தார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். தமிழ் வகுப்பும் மலையாள வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. நடுவில் ஒரு ஓலைத்தட்டி. இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகிவிடும்.

தோட்டத்து வேலைக்கு ஒரு முறை இருந்தது. சனிக்கிழமை பிற்பகல் முதலில் வருகிறவள் கிழக்கு ஓரத்திலிருந்து கொத்த ஆரம்பிப்பாள். வீட்டுக்குப் போகிற நேரம் வந்ததும், விட்ட இடத்திலேயே மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுப் போவாள். அடுத்தவள் அதைப் பிடுங்கி அங்கிருந்து தொடருவாள். தண்ணீரும் அப்படித்தான். யார் எவ்வளவு செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. எனக்குத்தான் தோன்றியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா செம்பாறையில் வெட்டுகல் வெட்டுகிறவர். காட்டாக்கடை சந்தைக்குப் போனால் ஏதாவது கடைப் பலகையைப் பார்த்துவந்து, அந்த எழுத்தை விரலால் காற்றில் வரைந்து, "இது என்னது மக்கா?" என்று கேட்பார். நான் சொன்னதும், தானே படித்ததுபோல் தலையாட்டுவார். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் பாஸாகி, ஆசிரியை வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த அந்த வருஷம், எங்கள் ஊரில் என்னைவிடப் படித்த பெண் இல்லை. இதைச் சொல்ல எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை.

அது திருவிதாங்கூரில் எல்லைப் போராட்டத்தின் காலம். தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பாறசாலையில் ஒரு கூட்டம் நடந்தால், கூடாது என்று நெய்யாற்றின்கரையில் இன்னொன்று நடக்கும். பஸ் ஓடாத நாட்கள் அதிகம். இதை எழுதும் இப்போது எல்லாம் முடிவாகிவிட்டது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் கேரளப் பக்கம் நின்றுவிட்டோம். அப்போது எது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே எல்லாருக்கும் கோபம் வந்தது.

எங்களில் ஓலை முடைகிற அக்கா ஒருத்தி உண்டு. வாயும் கையும் ஒரே வேகம். அவளுடைய கொழுந்தன் ஊர்வலத்தில் போய்ப் போலீஸிடம் அடிபட்டு, இடது கையில் கட்டோடு வீட்டில் கிடந்தான். மேட்டு வீட்டிலிருந்து வருகிற சேச்சி மலையாளக்காரி. அவளுடைய கணவர் போலீஸ்காரர், கொல்லத்தில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். இந்த இரண்டு பேரும் வருஷக்கணக்காகத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருத்தி தமிழில் கேட்க மற்றவள் மலையாளத்தில் பதில் சொல்லி, ஒருவரையொருவர் கிண்டலடித்துக் கிடந்தவர்கள். கொழுந்தன் அடிபட்ட நாளிலிருந்து அக்கா சேச்சியிடம் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "இஞ்ச ஆரு எவ்வளவு செய்யுதாண்ணு ஆருக்குத் தெரியும்? சிலரு வெறுதே வந்து நிண்ணுட்டுப் போறாவ. நாங்க கொத்தணும், அவிய பிள்ள கஞ்சி குடிக்கணுமாக்கும்."

சேச்சி குனிந்தபடி களை பறித்தாள். அவளுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

அன்று இரவே எனக்கு வழி கிடைத்துவிட்டது. பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த கட்டம் போட்ட தாளில் தோட்டத்தை வரைந்து, பதினோரு பாத்தியாகப் பிரித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாத்தி, ஒரு எண். விளைவது எல்லாம் கஞ்சிக்குத்தான். ஆனால் அவரவர் பாத்திக்கு அவரவர் பொறுப்பு. சண்டைக்கு இடமில்லை என்று நினைத்தேன். அம்மா அந்தத் தாளைச் சோற்றுப் பசை தடவிச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். "இது எனக்க மோளு வரைஞ்சது. அளவெல்லாம் சரியாக்கும்."

அடுத்த சனிக்கிழமை கயிறு பிடித்து அளந்தோம். எல்லைக்குக் குச்சி வேண்டும். பலாமரத்தடியில் போன மரவள்ளி அறுவடையில் வெட்டிப் போட்ட மரச்சீனிக் கம்புகள் ஒரு குவியல் கிடந்தன. காய்ந்து, நரைத்து, குச்சி மாதிரியே இருந்தன. அவற்றை முழத்துக்கு ஒன்றாக ஊன்றிக்கொண்டே போனேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டெல்லியில இருந்து ஆளு வந்து எல்லை போடுததுக்கு முன்ன இவ போட்டாச்சு," என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், என் எல்லை முழுக்கத் துளிர்த்திருந்தது. கம்புக்குக் கம்பு சிவந்த காம்பும் பச்சை இலையுமாக நின்றது.

"காஞ்ச கம்புண்ணு நெனச்சியோ மக்கா? மண்ணு பட்டாப் போதும், மரச்சீனிக்கு உயிரு வந்துரும்," என்றாள் அக்கா.

"அப்ப ஊணும்போது சொல்லலியே அக்கா?"

"நீ ஆறாம் பாரம் படிச்ச பிள்ளையாக்கும். எதுக்காவது இருக்கும்ணு நெனச்சோம்."

முதல் இரண்டு மாதம் என் திட்டம் நன்றாகவே ஓடியது. சனிக்கிழமை மட்டும் வந்தவர்கள் தினமும் வந்தார்கள். ஒருத்தி வெண்டை போட்டால் அடுத்தவள் அதைவிட உயரமாக வளரவேண்டும் என்று சாம்பல் கொண்டுவந்து தூவினாள். எனக்கு ஆசை விடவில்லை. பள்ளிக்கூடக் கரும்பலகையில் தினமும் காலையில் எழுத ஆரம்பித்தேன்: இன்றைய கறி, நாலாம் பாத்தி. இன்றைய கறி, எட்டாம் பாத்தி. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு, "இண்ணைக்கு எங்க அம்மைக்க வெண்டைக்கா!" என்று கத்துவார்கள். எட்டாம் பாத்தி ஓலை முடைகிற அக்காவுடையது. ஏழாம் பாத்தி சேச்சியுடையது.

தையில் வெயில் ஏறியது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. சேச்சிக்கு அப்போது எட்டு மாதம். இரண்டு குடம் கோரிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். முன்பு என்றால் அவள் கோராத குடத்தை யாரோ கோரியிருப்பார்கள், அவள் கோரவில்லை என்பதே தெரிந்திருக்காது. இப்போது தோட்டத்தின் நடுவில் ஏழாம் பாத்தி மட்டும் சொட்டைத் தலைபோல் காய்ந்து கிடந்தது. பக்கத்துப் பாத்தியில் அக்கா தன் கம்பு வரை நனைத்து, குடத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். மற்றவர்களும் அப்படித்தான். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. என் பாத்தி நாலாவது. நானும் என் கம்போடு நிறுத்திக்கொண்டுதான் இருந்தேன்.

வரிசையில் வரும் பிள்ளைகளுக்குக் கஞ்சி விளம்ப அன்றன்று இரண்டு பெண்கள் போவது வழக்கம். என் முறை வந்த ஒரு நாள், சேச்சியின் மகள் வரிசையில் இல்லை. முதல் வகுப்புப் பிள்ளை. தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். பக்கத்திலிருந்த பிள்ளை சொன்னது: "அவளுக்க அம்மைக்க பாத்தி போர்டுலயே வரல்ல. அதாக்கும் அவ குடிக்கல்ல. மூணு நாளாச்சு."

சாயங்காலம் மேட்டு வீட்டுக்குப் போனேன். சேச்சிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "ஞான் தன்னெ பறஞ்ஞு," என்றாள். பிள்ளை அழுதுகொண்டு வந்து கேட்டதும், இனி அங்கே குடிக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம். "ஞான் பணி செய்யாத்த தோட்டத்திலெ கஞ்சி என்றெ மோளுக்கு வேண்டா. பாத்தி நிங்ஙள் எடுத்தோ." பாத்தியை எடுத்துக்கொள்ளச் சொன்ன குரலில் கோபமே இல்லை. பிள்ளை வீட்டுக்குள் வெறும் மரச்சீனியைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து விடியும்போதே போய் ஏழாம் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் சேச்சி ஆலயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "மோளே, நீ வெள்ளம் கோரியால் அது என்றெ பணி ஆகுமோ?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். பிள்ளை அன்றும் கஞ்சி குடிக்கவில்லை.

சனிக்கிழமை வரும்வரை மனசுக்குள் வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தேன். பரீட்சைக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. கிணற்றடியில் எல்லாரும் கூடியபோது, சேர்த்து வைத்தது எல்லாம் மறந்துபோய் இரண்டே வாக்கியம் வந்தது. "பாத்தி பிரிச்சது நான் செய்த தப்பு. போர்டுல எழுதினது அதைவிடப் பெரிய தப்பு." பிறகு அந்தப் பிள்ளை தட்டின்மேல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன்.

அம்மா கிணற்றுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் இதைச் சொல்வதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"ஆறாம் பாரத்துக்கு இது புரிய மூணு மாசம் ஆச்சாக்கும்," என்றாள் அக்கா. "இப்ப என்ன செய்யப் போற?"

"கம்பெல்லாம் பிடுங்கப் போறேன்." குனிந்து பக்கத்திலிருந்த ஒன்றைப் பிடித்தேன்.

"கைய எடு! இடுப்பளவு வளந்து நிக்குத மரச்சீனியைப் பிடுங்கவா ஒனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்தாவ?" அக்கா என் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள். "நிக்கட்டு. நாம காணாத்த மாதிரி நடந்தாப் போதும்."

அவள் குடத்தை இடுப்பில் வைத்தாள். தன் எட்டாம் பாத்தியைத் தாண்டி, வரிசைக்கு நடுவில் புகுந்து, ஏழாவதில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சியது. இரண்டாவது குடம் அம்மாவுடையது.

நான் சேச்சியைக் கூப்பிடப் போவதாகச் சொன்னேன்.

"நீ போனா புஸ்தகத் தமிழ்ல மாப்பு கேப்ப, அவளுக்கு ஒண்ணும் வெளங்காது. நான் வாறேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அக்கா மேட்டில் ஏறினாள். நான் பின்னால் ஓடினேன்.

சேச்சி வாசலில் நின்றாள். "எந்தா? என்னோடு மிண்டாத்த ஆளாணல்லோ?"

"மிண்டல்லதான், பேசல்லதான். இப்பவும் மிண்ட வரல்ல. பயறு நெத்து பறிச்சுக் குமிச்சுப் போட்டிருக்கு, உடைச்சு மணி எடுக்க ஆளு இல்ல. உக்காந்து செய்யுத வேலையாக்கும். எங்கள்ல ஆருக்கு உக்கார நேரம்? வாறியா?"

"ஞான் போலீசுகாரன்றெ பாரியையல்லே?"

"எனக்க கொழுந்தன அடிச்சது இஞ்ச உள்ள போலீசு. ஒனக்க மாப்பிள கொல்லத்துல அல்லியா நிக்குதாரு. அவருக்குக் கை அவ்வளவு நீளமா?" என்றாள் அக்கா.

சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடியும்போது கண்ணில் தண்ணீர் இருந்தது. அக்கா வேறு பக்கம் பார்த்தாள். "வேகம் வா. வெயிலு போயிரும்."

அன்று பலாமரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்து, பொழுது சாயும்வரை சேச்சி பயறு உடைத்தாள். விதைக்கு எடுத்தது போக மீதியைக் கறிக்கு ஒதுக்கினாள். "ஒண்ணு ரெண்டு சொத்தையும் போட்டிருக்கா, பாத்தியா?" என்று அக்கா குற்றம் கண்டுபிடித்தாள். "அது நின்றெ எட்டாம் பாத்தியிலெ பயறாணு," என்றாள் சேச்சி.

வீட்டுக்குப் போனதும் சுவரிலிருந்த தாளை உரிக்கப் போனேன். அம்மா விடவில்லை. "அது இருக்கட்டு பிள்ளே. ஒனக்க கையெழுத்துல்லா." அது இன்றும் அங்கேதான் இருக்கிறது, பழுத்துப்போய், ஒரு மூலையில் எலி கடித்து. பார்க்கும்போது எனக்கு வெட்கமும் வரும், கோடுகள் எவ்வளவு நேராக இருக்கின்றன என்ற எண்ணமும் வரும்.

திங்கட்கிழமை காலை கரும்பலகையைத் துடைத்தேன். மதியம் அக்காவும் நானும் விளம்பினோம். சேச்சியின் மகள் வரிசையில் கடைசி ஆளாக வந்தாள். தட்டை நீட்டாமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா அவள் கையிலிருந்து தட்டை வாங்கி, கஞ்சியை ஊற்றி, ஓரத்தில் ஒரு கரண்டி பயறு வைத்துக் கொடுத்தாள்.

பிள்ளை நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். பயறை விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பில்லா," என்றாள்.

"அப்படியா! ஒனக்க அம்மை உடைச்ச பயறாக்கும் அது. வீட்டுல போயி அவளுட்ட சண்ட போடு," என்றாள் அக்கா.

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு மிச்சப் பயறையும் தின்று முடித்துவிட்டு, தட்டை மறுபடியும் நீட்டினாள்.