இரண்டு பூப் பொட்டலங்கள்

திருச்சியில் ஒரு கல்லூரியின் பௌதிக லேபில் அட்டெண்டராக இருந்தேன். படித்தது ஐந்தாவது. கண்ணாடி துடைப்பேன், கம்பி எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் பௌதிகம் தெரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்தார்.

"அறுத்து எடுத்தா பொழைக்க வழி இருக்கு. விட்டா இல்ல. கையெழுத்துப் போடறியா?"

"போட்டுடுங்க. வலி தாங்கல" என்றாள் மனைவி.

என்னால் போட முடியவில்லை. உறையூரில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் அறுக்கப் போய்ப் பிணமாக வந்திருந்தார்கள். அம்மனிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பூப்போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. விவரம் தெரியாத குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். பொட்டலம் கட்டியவர் அப்போது அங்கே இருக்கக் கூடாது.

நான்தான் கட்டினேன். எடுக்க என் மகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். அவளுக்கு நாலு வயது. நான் வெளியே போனதும் அழுதாள். "சரி தம்பி, நீ எதிரிலேயே உக்காரு. அம்மனுக்குத் தெரியாதா?" என்றாள் என் அக்கா. உட்கார்ந்தேன்.

குழந்தை எடுத்தது சிவப்பு. பிரித்த நொடியில் மேலே பல்லி சொன்னது.

"பல்லியும் சொல்லிடுச்சு. இனி என்ன பேச்சு?" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூன்று மாதம் கிடந்தாள். அம்மன் சொன்னதை எதிர்த்து அவள் ஒன்றும் பேசவில்லை. என்னிடமும் அதிகம் பேசவில்லை. ஆடியில் போய்விட்டாள்.

மகளை அக்காதான் வளர்த்தாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஏதோ சண்டையில், "பெத்தவளுக்கே செவப்பு எடுத்துக் குடுத்த கைதானேடி அது" என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி வந்ததுதான். வந்தது வந்ததுதான். அன்றிலிருந்து விளக்கேற்றச் சொன்னால், "அத்தை ஏத்தட்டும்" என்று மகள் நகர்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தபோது தூக்கிக்கொள்ளவில்லை. நானும் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுக் கட்டைக் கொடுக்க ஸ்ரீரங்கத்தில் எங்கள் பௌதிகப் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் பத்து மணிக்குள் போய்விட்டேன். அவர் நண்பர் ஒருவர் இருந்தார். மனோதத்துவம் படித்தவர். இருவரும் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் ஒரு மன வைத்தியரும் ஓர் அணு விஞ்ஞானியும் கடிதம் எழுதிக்கொண்டார்களாம். காரணமே இல்லாமல் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்குமாம். ஆனால் அதில் அர்த்தம் இருக்குமாம்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, ஒனக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கோ?"

பூவையும் பல்லியையும் சொன்னேன். ஏன் சொன்னேனோ. அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

"பார்த்தேளா ஓய்! பூவுக்கும் பல்லிக்கும் என்ன சம்பந்தம்? வியாதிக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்? அப்படியே பிராணனோட போய்ச் சேர்றது பாருங்கோ!"

நண்பர் துள்ளவில்லை.

"பொட்டலத்தை யாருங்க கட்டினது?"

"நான்தாங்க."

"எது எதுன்னு தெரியுமா?"

"முடிச்சப் பாத்தா தெரியுங்க."

"கொழந்தை எடுக்கறப்ப எங்க இருந்தீங்க?"

"எதிர்லங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கொழந்தைங்க கைய நீட்டறதுக்கு முன்னாடி பெத்தவங்க மூஞ்சியப் பாக்கும். மனசுக்கு அடியில ஒரு மனசு இருக்குங்க. அது நெனைக்கறது நமக்கே தெரியாது. கண்ணுல வந்துடும்."

பேராசிரியருக்கு அதுவும் பிடித்துப்போனது. "அணுவிலயும் அதேதான். நாம பார்க்கறதுனாலயே அது மாறிடறது" என்றார். பிறகு பல வருஷம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னார். நான் பின்னால் மேசை துடைத்துக்கொண்டிருப்பேன். பூ வரும், பல்லி வரும். நான் எதிரில் உட்கார்ந்திருந்தது மட்டும் வராது. பையன்கள் கை தட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது பஸ்ஸில் ஏறவில்லை. காவிரிப் பாலத்தில் நடந்தேன். பூப்போட்ட நாளை நினைத்துப் பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்தது ஞாபகம் வந்தது. நான் எதைப் பார்த்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட எனக்குப் பயம். அவ்வளவுதான்.

வீட்டில் மகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"அன்னிக்கு நீ எடுக்கலம்மா. நான் செவப்பப் பாத்தேன். நீ என்னப் பாத்து எடுத்தே. ஒன் கை மேல ஒண்ணும் இல்ல."

அவள் தண்ணீரை வடித்தாள். மறுபடி ஊற்றினாள்.

"நெசமாவாப்பா?"

"நெசம்."

அவள் முகத்திலிருந்து ஏதோ இறங்கியதைப் பார்த்தேன். அதற்காகத்தான் நடந்து வந்தேன். அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா என்ன சொன்னாங்க? டாக்டர் கேட்டப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"போட்டுடுங்கன்னா."

"அம்மாவே சொல்லிட்டாங்கல்ல. அப்புறம் எதுக்குப்பா பூ?"

அவள் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தினமும் மகள்தான் எனக்குச் சோறு போடுவாள். அன்று போட்டது அக்கா. மறுநாளும் அக்காதான்.